நாற்பது நிமிடம்

பசடீனாவில் நள்ளிரவு.
இட்செலுக்கு இப்போதுதான் விடிகிறது:
செவ்வாயின் பள்ளம் ஒன்றில்
அவள் ஓட்டும் ஆறு சக்கர வண்டி
கண் விழிக்கும் நேரம்.

அங்கே ஒரு நாள்
நம் நாளைவிட நாற்பது நிமிடம் நீளம்.
தினமும் அவ்வளவு பிந்தி எழுகிறாள்,
பிந்தித் தூங்குகிறாள்,
சன்னலில் கறுப்புத் தாள் ஒட்டி.

நேற்று வந்த படத்தில்
சிறுத்துப்போன சூரியன், சுற்றிலும் நீலம்.
பகலெல்லாம் துரு நிறத்தில் கிடந்த வானம்
அந்தியில்தான் நீலமாகிறது.

ஃபிரிட்ஜ் கதவில் மகன் ரூபெனின் சீட்டு:
"அம்மா, இன்று செவ்வாய்க்கிழமையா?"
கீழே எழுதினாள்:
"எனக்கு எப்போதும்."

முப்பத்தாறு நாளுக்கு ஒருமுறை
இரண்டு விடியலும் சேர்ந்து வரும்.
இன்னும் பத்து நாள்.
சோளக் கஞ்சிக் கிண்ணம் இரண்டை
அவன் இன்றே கழுவி வைத்திருக்கிறான்.