சய தொண்ணூற்றொன்பது

கோப்பின் முதல் வரியில் ஊரின் பெயர் வேண்டும்.
தமிழில் உறுகாமம். சிங்களத்தில் ருகம்.
ஆங்கிலத்தில் நாலு விதமாய் எழுதிக் கிடந்தது.
ஒவ்வொன்றையும் ஒவ்வோர் ஊராய் எண்ணிய கணினி
ஒரு குளத்தின் மழையை நாலாய்ப் பங்கிட்டு வைத்திருந்தது.
நாலையும் ஓர் ஊராக்கினேன்.

அகலாங்கு, நெட்டாங்கு.
கிடந்த எண்களைப் படத்தில் தேடினால்
மழைமானி கடலுக்குள் நின்றது,
கல்லடிக்கு நேர் கிழக்கே.
இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தன.
கரைக்கு இழுத்துவிட்டேன்.

அலகு: முதலில் அங்குலம், பிறகு மில்லிமீற்றர்.
மாறின நாளை ஒருவரும் எழுதவில்லை.
கூட்டிப் பார்த்துத்தான் பிடித்தேன்:
எவ்வளவுதான் வானம் பொத்தாலும்
ஒரு மார்கழி முந்தின மார்கழியைப் போல்
இருபத்தைந்து மடங்கு பெய்யாது.

நாள் எப்போது தொடங்கும் என்பதையும் சொல்லவேண்டும்.
காலை எட்டரைக்கு அளந்து ஊற்றிய நீர்
நேற்றையதா, இன்றையதா?
விடியப்புறம் நனைந்தபடி மாடு சாய்த்தவனுக்கு
இந்தச் சந்தேகம் வந்திராது.

அளக்காத நாளுக்குச் சய தொண்ணூற்றொன்பது தசம் ஒன்பது.
இது வழமை.
எந்த வானமும் பெய்ய முடியாத அளவு என்பதால்
தெரிந்தெடுத்த எண்.
பூச்சியம் என்றால் ஆள் வந்து பார்த்தது, மழை இல்லை.
சய தொண்ணூற்றொன்பது என்றால் ஆள் இல்லை.
மழையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

தொடர் வறண்ட நாட்கள் என்றொரு சுட்டெண்.
ஒரு மில்லிமீற்றரும் பெய்யாத நாட்களை
விடாமல் எண்ணுவது.
நிரலை ஓட்டினேன்.
தொண்ணூறாம் ஆண்டு, ஆனி பன்னிரண்டு தொடங்கி
இருநூற்று நாற்பத்தெட்டு.
வரைபடத்தில் பனைமரம் போல் ஒரு கோடு.

அடுத்த மேசையிலிருந்து றிஸ்மியா எட்டிப் பார்த்தாள்.
"மாரி பெய்யாத வருசமா? ஆர் சொன்ன?
அந்த மாரிதான் எங்கட உம்மா
முகாம்ல ஒழுகின கூரைக்குக் கீழ சட்டி வச்சவ.
எத்தின மில்லிமீற்றர் எண்டு மட்டும் கேக்காத."

பதிவேட்டைத் தேடி எடுத்தோம். மட்டையைக் கறையான் தின்றிருந்தது.
அவதானிப்பாளர்: க. வேலாப்போடி.
ஆனி பதினொன்று, நாலு தசம் மூன்று.
நாலின் கால் ஈரத்தில் கரைந்திருக்கிறது.
அதற்குக் கீழே பூச்சியங்கள்,
ஒரே பேனை, ஒரே சரிவு, ஒரே இருப்பில் போட்டவை,
பக்கம் பக்கமாய், ஒரு துளி படாத மை.
மாசி பதினைந்தில் மீண்டும் பழைய கையெழுத்து.
முன்னைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்து.

வெற்று வரிக்குப் படி கொடுபடாது என்று
ஒரு சுற்றுநிருபம் பின்மட்டையில் ஒட்டியிருந்தது.
அவர் போட்டாரா, கச்சேரியில் யாரும் போட்டார்களா,
எனக்குத் தெரியாது. போட்டவரோடு எனக்குக் கோபமும் இல்லை.
மறுகா அந்தப் பூச்சியங்களை விட்டுவைக்கவும் முடியவில்லை.

ஒரே கட்டளை. எல்லாம் சயமாகின.
வருசத்தில் பதினைந்து நாளுக்கு மேல் விடுபட்டால்
அந்த வருசத்துக்குச் சுட்டெண் இல்லை. இதுவும் வழமை.
பனைமரம் விழுந்தது.
தொண்ணூறும் தொண்ணூற்றொன்றும் இருந்த இடத்தில்
கோடு அறுந்து, அப்பால் தொடங்குகிறது.

# போட்ட வரியை நிரல் படிக்காது, தாண்டிப் போகும்.
மனுசருக்கென்று விட்ட இடம் அது ஒன்றுதான்.
மத்தியானம் வரை எழுதி எழுதி அழித்தேன்.
மிஞ்சியது இவ்வளவு:

# 1990.06.12 முதல் 1991.02.14 வரை அவதானிப்பு இல்லை. மழை பெய்தது.

இரண்டாவது வசனத்துக்கு ஆதாரம் கேட்பார்கள்.
கருவி என்ற இடத்தில்
சட்டி என்று எழுத வழமை இல்லை.
அதை இன்னும் நிரப்பவில்லை.