உமிக்கணக்கு

ஒன்பது பங்காளிகள்
ஒன்பது பூட்டுப் போட்டு மூடிய மில்.
ஒவ்வொரு சாவியாகக் கெஞ்சி வாங்கி
குத்தகைக்கு நடத்துகிறோம்,
புதுவயலில், இருபத்திரண்டு பேர்.
நோட்டு என்னிடம்.
மூட்டைக்கு ஒரு கோடு.
நாலு நின்றால் ஐந்தாவது குறுக்கே படுக்கும்.
சனிக்கிழமை கோட்டை எண்ணிக் கூலி.

காரைக்குடியிலிருந்து வகுப்பெடுக்க வந்த தோழர்
உழைப்புக்கேற்ற பங்கு சோசலிசம் என்றார்,
தேவைக்கேற்ற பங்கு கம்யூனிசம் என்றார்,
முதலாவதைத் தாண்டித்தான் இரண்டாவது.
தாண்ட எத்தனை கிலோமீட்டர்
என்று கேட்டாள் இராக்கு.
களம் கூட்டுகிறவள்.
கூட்டினால் எத்தனை கோடு என்பதே
அவளுக்கு இன்னும் முடிவாகவில்லை.
தோழர் டீயை ஆற்றினார்.
அவருக்கு ஆறே முக்காலுக்குக் கடைசி பஸ்.

ஆவணியில் அடைக்கலத்துக்கு இடுப்பு விட்டுப்போனது.
நோட்டில் அவன் பெயருக்கு நேரே
வெறும் தாள்.
வீட்டில் ஆறு தட்டு.

சேவுகன் ஒண்டிக்கட்டை.
கோடு அதிகம் அவனுக்குத்தான்.
இருட்டிய பிறகு வந்து நின்றான்:
'என் கோட்டுல நாலைப் பிடுங்கி
அவன் பக்கம் நட்டுருங்கக்கா.'
முடியாது என்றேன்.
தூக்காத மூட்டைக்குக் கோடு போட்டால்
நாளைக்கு நோட்டை யார் நம்புவார்?
சரியாகத்தான் சொன்னேன்.
சரியாகச் சொல்லிவிட்டு
விடியும்வரை புரண்டு படுத்தேன்.

மில்லுக்குப் பின்னால் உமிமேடு.
அதற்குக் கோடும் இல்லை காவலும் இல்லை.
அவரவர் அடுப்புக்கு அவரவர் அள்ளுவது.
இராக்கு ஒரு கூடை,
அடைக்கலத்தின் பெண்டாட்டி மூன்று.
மூன்றா என்று ஒருவரும் கேட்டதில்லை.
தோழர் சொன்ன அந்த இரண்டாவது
இங்கேயே கொட்டிக் கிடந்திருக்கிறது,
காலில் ஒட்டியதைத் தட்டிவிட்டு
நாங்கள் வகுப்புக்குப் போயிருக்கிறோம்.

அரிசி என்றைக்கு உமி மாதிரி ஆகும்?
ஆனால், அன்றைக்கு நான் எதற்கு?
கணக்கு வைப்பவர் தானாக உதிர்ந்துவிடுவாராம்,
பாடத்தில் இருக்கிறது.
நேற்று இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.
காக்கி அட்டை போட்டு
பெயரும் எழுதிவிட்டேன்.

இன்று காலை செங்கல் சூளைக்காரர் வந்தார்.
உமிக்கு விலை சொன்னார். நல்ல விலை.
அவர் வண்டி திரும்பிய பிறகு கொஞ்ச நேரம்
பெல்ட் ஓடுகிற சத்தம் மட்டும்.
'உமிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாமாக்கா?'
சேவுகன் குரல் மாதிரிதான் இருந்தது.

கூடையை இடுப்பில் வைத்து வந்த
அடைக்கலத்தின் பெண்டாட்டி
கேட்டைத் தாண்டாமல் நின்றுவிட்டாள்.