மூன்றரை மீட்டர்

நீர்நாய் மூழ்கும்போது ஓட வேண்டும்.
எழும்போது கல்லாக வேண்டும்.
யெல் தீவின் இந்தக் கரையில்
வேறு சட்டம் கிடையாது.
டிராட்சி என்று எங்கள் ஊரில் கூப்பிடுவோம்,
கூப்பிட்டால் வராது.

இருபது எண்ணுவேன்; சில நாள் இருபத்தைந்து.
அதற்குள் பாசி வழுக்கும் பாறைமேல்
மூன்று கிலோ கண்ணாடியை மார்போடு அணைத்து
எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூரம்.
பிறகு குமிழி,
பிறகு தலை,
பிறகு நான் பாறை.

என் லென்ஸுக்கு நகரத் தெரியாது.
ஐந்நூறு என்றால் ஐந்நூறு.
வளையத்தைத் திருகி, கொஞ்சம் கூட்டிக் குறைத்து
பேரம் பேசுகிற ரகமில்லை.
கிட்டத்தில் வேண்டுமா, உன் காலைக் கேள்.
எட்டத்தில் வேண்டுமா, அதற்கும் காலைத்தான்.

இரண்டு குளிர்காலம்
படகுத்துறையில் கார்களுக்குக் கை காட்டி
கயிறு இழுத்து, உப்பில் விரல் வெடித்துச்
சேர்த்த காசு.
"முப்பது ஆடு வாங்கியிருக்கலாமே, ஓஸ்லா,"
என்றார் பக்கத்து வீட்டு கிப்பி.
வாங்கியிருக்கலாம்.
ஆனால் முப்பது ஆடு ஏற்கெனவே
என் வேலிக்குள்தான் மேய்கிறது.
அவருடைய முப்பது.

ஜூலைப் படகுப் போட்டிக்கு மட்டும்
ஊருக்கு என் கண்ணாடி வேண்டும்.
துடுப்புகள் தண்ணீரை உதறி எழும்போது
ஆறு பெண்களின் வாயும் ஒரே கோணலாய்த் திறந்திருக்க
வினாடியை இரண்டாயிரமாய் நறுக்கி
ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தேன்.
"இப்படியா இருக்கிறோம்?" என்றாள் மெர்ரன்.
இப்படித்தான் ஜெயித்தீர்கள் என்றேன்.
அவள் கடையில் இன்னும் தொங்குகிறது அந்தப் படம்,
அவள் முகத்தின்மேல் மட்டும் ஒரு விலைச்சீட்டு.

நவம்பரில் ஒளி ஒரு வீசம்.
ஒன்பதுக்கு வந்து மூன்றுக்குக் கிளம்பிவிடும்
அரைநாள் கூலிக்கு வந்த வெயில்.
துளையை முழுக்கத் திறந்து வைத்தால்
மலை, வேலி, கிப்பியின் டிராக்டர்
எல்லாம் கரைந்து பழுப்புக் கஞ்சி.
பிராணி நெருங்க நெருங்க
கூர்மை விரற்கனமாய் மெலியும்:
மீசையா, கண்ணா,
ஒன்றைத்தான் தருவேன் என்கும்.

அன்று காற்று என் முகத்தில் அடித்தது. நல்லது.
ஓடினேன், நின்றேன், ஓடினேன்.
பதினெட்டு, பத்தொன்பது,
முப்பதும் தாண்டியது.
குமிழி இல்லை.
கண்ணாடிக்குள் வெறும் தண்ணீர், அதன் சுருங்கும் தோல்.

அப்புறம் எதையோ கடித்து நொறுக்கும் சத்தம்,
என் முழங்காலுக்கு இந்தப் பக்கம்.
கண்ணை மட்டும் திருப்பினேன்.
ஒரு தாயும் இரண்டு குட்டிகளும்
என் பையின் வார்மேல் நண்டைக் கிடத்தி
ஓடு உடைத்துக்கொண்டிருந்தன.

மெல்ல மெல்ல லென்ஸைத் தாழ்த்தினேன்.
முன்னும் பின்னும் தேடி முனகியது அது.
மூன்றரை மீட்டருக்குள் வந்துவிட்டவர்களை
அதற்கு அடையாளம் தெரியாது.
பின்வாங்க என் காலுக்கும் இடமில்லை,
முதுகுக்குப் பின்னே பாறை.
ஈர ரோமத்தின் வாடை,
மீனும், எங்கோ கொஞ்சம் பழைய தேனும்.
ஒரு குட்டி தும்மியது.
அழுத்தினேன். ஏனென்று தெரியவில்லை,
கைப்பழக்கம்.
அந்தச் சின்ன டக்குக்கே
மூன்றும் கடலாயின.

மாலையில் கிப்பி வந்தார், முள்கம்பி கேட்டு.
திரையைக் காட்டினேன்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
வெகுநேரம் பார்த்தார்.
"நல்ல சதுப்புக்கரி," என்றார்.
"எந்த மேட்டில் வெட்டினது?
ஈரம் இன்னும் காயலையே."

அவர் போனபின்
வாரில் ஒட்டியிருந்த நண்டுக்காலைப் பிய்த்து
அடுக்களையின் அந்தக் கோடியில்,
நான்கு மீட்டர் தள்ளி, தட்டில் வைத்தேன்.
உடனே பிடித்துக்கொண்டது லென்ஸ்,
ஒவ்வொரு மயிரையும்,
பல் பட்ட இடத்தையும்.