இணைப்பு மூன்று

மரியாதையாகத்தான் தொடங்குகிறது கடிதம்.
அன்புள்ள சார்ஜென்ட் ஹாகன்,
தங்கள் சேவைக்கு நன்றி.
இடது காதின் இரைச்சலை ஏற்கிறார்கள்,
முதுகெலும்பில் இரண்டு கணுக்களையும்.
போரில் வந்தவை என்பதற்கு மட்டும்
சான்று போதவில்லையாம்.
நோய் உண்டு. நிகழ்ச்சி இல்லை.
நெருப்பில்லாமல் புகையாது என்பதெல்லாம்
அலுவலகத்துக்கு வெளியேதான் செல்லும்.

ஹேவர், மொன்டானா. பிப்ரவரி.
சமையலறை மேசை முழுக்கத் தாள்கள்.
ஜன்னலுக்கு அப்பால் சரக்கு ரயில்,
நூற்றுப்பத்துப் பெட்டிகள், எண்ணாமல் விட முடியாது என்னால்.
வலது காதில் ரயில் போய் முடிகிறது.
இடது காதில் அது முடிவதேயில்லை.

'நிகழ்ச்சியை விவரிக்கவும்.'
மேல்முறையீட்டுப் படிவத்தில் நான்கு கோடுகள்.
லாரி, தார்ச்சாலை.
சாலையோரம் அடுக்கிவைத்த தக்காளிப் பெட்டிகள்.
பிறகு நான் லாரிக்கு வெளியே நின்றிருந்தேன்.
நடுவில் இருந்தது என்னிடம் இல்லை.
நான்காவது கோடு காலி.

"தியோவைக் கூப்பிடு" என்றாள் மார்லிஸ்.
பதினோரு வருஷமாயிற்று பேசி.
"சண்டையா?"
சண்டையாக இருந்திருந்தால் சுலபம்.

லாரியின் மேல் துப்பாக்கி பிடித்து நின்ற தியோ பாக்கா
இப்போது ப்யூப்ளோவில் குளியலறைகளுக்கு ஓடு பதிக்கிறான்.
இருபது நிமிடம் பேசினோம்,
பதினெட்டு நிமிடம் சிமென்ட் விலையைப் பற்றி.
"எழுதித் தருகிறேன்" என்றான்.
"ஆனால் நடந்ததைத்தான் எழுதுவேன்."

பத்து நாளில் வந்தது.
கோடு போட்ட தாள், ஓரத்தில் சுண்ணாம்பில் ஒரு பெருவிரல்.

'வெடித்தது காலை ஒன்பதே காலுக்கு.
சார்ஜென்ட் இறங்கி, இடது பூட்ஸைக் காணோம் என்று தேடினார்.
பூட்ஸ் காலில் இருந்தது. காட்டினேன்.
நன்றி சொன்னார். மறுபடி தேடினார்.
காதிலிருந்து காலர் வரை ரத்தம்.
மருத்துவ உதவியாளரைக் கூப்பிடப் போன என்
கையைப் பிடித்துக்கொண்டார்.
எழுதவிடாதே தியோ,
எழுதினால் என்னை இறக்கிவிடுவார்கள்,
இந்தப் பையன்களை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றார்.
நானும் போகவில்லை.
அன்று மதியமும் அவர்தான் ஓட்டினார்.
இத்தனை நாள் நான் போன் செய்யாததற்குக் காரணம் அதுதான்.
இந்தக் கடைசி வரி தேவையில்லை என்றால்
அடித்துவிடவும்.'

இரண்டு தடவை படித்தேன்.
ரெஜிமென்ட் தொலைத்துவிட்டது என்று
ஐந்து வருஷம் நான் சத்தியம் செய்த தாள்,
குமாஸ்தாக்களின் வம்சத்தையே ஏசிய தாள்,
யாரும் தொலைக்கவில்லை அதை.
எழுத இருந்த கையைப் பிடித்தவன் நான்.

மார்லிஸ் படித்துவிட்டு மடித்தாள்,
மறுபடி பிரித்தாள்.
"நீயே மறைத்தாய் என்பார்கள்."
"என்பார்கள்."
"வேறு சாட்சி?"
வேறு சாட்சியை ஆர்லிங்டனில் புதைத்தோம், வேறு ஒரு வெடிக்கு.

தாளின் மூலையில் எழுதினேன்: இணைப்பு மூன்று.
கடைசி வரியை அடிக்கவில்லை.
நான்காவது கோட்டில், சின்ன எழுத்தில்:
பூட்ஸ் காலில்தான் இருந்திருக்கிறது.
எனக்குத் தெரியாது.

தபால் நிலையத்தில் அந்தப் பெண்
எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டாள்.
என் இடப்பக்கத்துத் தராசில் குனிந்திருந்தாள்.
தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தேன்.
"உடையக்கூடியது, திரவம்,
வெடிக்கக்கூடியது ஏதாவது உண்டா உள்ளே?"

"காகிதம்தான்" என்றேன்
கொஞ்சம் தாமதித்து.

ஒன்பது டாலர் முப்பத்தைந்து.
ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
வெளியே வந்தேன், முழங்கால்வரை பனி.
இடது காலை எடுத்துப் பார்த்தேன்.
பூட்ஸ் இருந்தது.