கொதிநீர்க் கணக்கு

நூலகத்தின் நிலவறையில் இருக்கும் இரும்பு அலமாரியை
இந்த வாரம்தான் எண்ணத் தொடங்கினேன்.
நாற்பத்தெட்டு இழுப்பறைகள். முப்பத்தொன்பது காலி.
காலி என்று எழுதிவிட்டு மேலே போகலாம்,
படிவத்தில் அதற்குத்தான் கட்டம் இருக்கிறது.

கடைசி இழுப்பறையில் ஒரு கணக்குப் புத்தகம். பென்சில் எழுத்து.
"ஜனவரி ஒன்பது. லத்தீன், முதல் மூன்று எழுத்து.
மூன்று லிட்டர் கொதித்தது. இடுக்கிகள், ஊசிகள்."
"ஜனவரி பத்து. லத்தீன், ஐந்து இழுப்பறை.
அள்ளிவந்த பனியில் மண். இரண்டு லிட்டர்கூடத் தேறவில்லை."

முற்றுகைக் குளிர்காலம்.
டான்யூபின் பாலங்கள் ஒவ்வொன்றாக
ஆற்றுக்குள் மண்டியிட்ட வாரங்கள்.
மேலே இருந்த மருத்துவமனை இங்கே இறங்கியிருந்தது.
நாற்காலிகள் எரிந்தாயிற்று, கதவுகளும்.
காய்ந்த பொருளென்று மிஞ்சியவை
ஹல்மாஜி கெடியோன் முப்பது ஆண்டு சேர்த்த அட்டைகள்:
வலிக்கு ஐரோப்பா வைத்த பெயர்கள்.

பாதுவாவில் பிணம் அறுத்தவர்கள் குறித்தது,
லைடனிலும் வியன்னாவிலும் விரிவுரையில் சொன்னது,
கிரேக்கம் அரபுக்குள் போய்
லத்தீனாகத் திரும்பி வந்த தடம்.
அடுத்த வரிசையில்
திசோ ஆற்றங்கரைச் சலவைக்காரிகள், மீனவர்கள்,
பிரசவம் பார்த்தவர்கள் வாயிலிருந்து
அவரே போய் எழுதி வந்தவை.

அறுவை மருத்துவர் கெலெச்சேனி கேட்டாராம்
(எழுதியவள் தாதி சிசேர் ரோஸா;
லிட்டருக்கு நடுவே பேச்சையும் எழுதுகிறாள்):
"ஐயா, எதிலிருந்து தொடங்கலாம்?"
மனிதர் கண்ணாடியைத் துடைத்தாராம். வெகுநேரம்.
"லத்தீனிலிருந்து. அது பாரிஸில் இருக்கிறது, ரோமில் இருக்கிறது.
நான் எரித்தால் எதுவும் சாகாது."

பிறகு ஜெர்மன். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு பிரெஞ்சு. "புகை குறைவு" என்று ஒரே வரி.

ஜனவரி இருபத்தாறில் எங்கள் மொழி தொடங்குகிறது.
கையளவு, கையளவாக.
எரிக்குமுன் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தாராம்.
நியிலல்லாஷ்: உள்ளே அம்பை வைத்திருக்கும் சொல்,
விலாவில் பாய்ந்து நின்று அதிர்வது.
ஹஷோகாத்: மண்டைக்குள் விறகு பிளப்பது.
ஷயோக்: பழைய முறிவில், மழைக்கு முந்தைய இரவில்.
ஃபெனெ: ஒரு காலத்தில் சதையைத் தின்ற புண், இன்று வெறும் வசவு.
நோய் போய்விட்டது, கோபம் தங்கிவிட்டது.

காயம்பட்டவர்கள் கேட்டுக்கொண்டு கிடந்தார்கள்.
மூலையிலிருந்து ஒரு வண்டிக்காரன்,
பாதம் அழுகி இரண்டு நாளாகப் பேச்சில்லாதவன்,
"அது இல்லை" என்றான். "எனக்கு அப்படி இல்லை."
பின்னே எப்படி?
ஒரு சொல் சொன்னான்.
ஹல்மாஜி கோட்டுப் பைகளையெல்லாம் துழாவினார்.
வெற்றட்டை ஒன்றுகூட இல்லை.
முப்பது ஆண்டில் முதல்முறையாக
எழுத ஏதுமில்லாமல் ஒரு சொல்லைக் கேட்டார்.
"இன்னொரு முறை சொல்லப்பா." சொன்னான்.
"எங்கே அது?" கையை வைத்துக் காட்டினான்.
சுவரில் ஈரம் ஏறுவதுபோல், என்றான்.
கணுக்காலில் கோடு போட்டிருந்த கெலெச்சேனி
அதை அழித்துவிட்டு முழங்காலுக்கு மேலே போட்டார்.

"நான்கு லிட்டர். 'ஓ' முழுதும் போனது."

அவன் பிழைத்தானா என்று எழுதவில்லை.
அடுத்த வரி சோப்பு தீர்ந்ததைப் பற்றியது.
பிப்ரவரி பதிமூன்றோடு கணக்கு நிற்கிறது;
எட்டு இழுப்பறைகள் தப்பியிருக்கின்றன.
அந்தச் சொல்லை ரோஸா ஓரத்தில் எழுதியிருக்கிறாள்,
காதில் விழுந்தபடி, மூன்று விதமாக.
சமவெளியிலிருந்து வந்த சக ஊழியர் இருவரிடம் காட்டினேன்.
தெரியாது என்றார்கள்.

படிவத்தில் எழுதினேன்: காலி, முப்பத்தொன்பது.
அதன் கீழே கட்டமில்லாத இடத்தில்:
சொல், ஒன்று. பொருள், மருத்துவருக்குப் புரிந்தது.

மாலை படியேறும்போது மூன்றையும் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.
இரண்டாவதைச் சொன்னபோது
என் கெண்டைக்காலில் ஏதோ மேலே நகர்ந்தது.