கூட்டினால் நூறு

கருங்கடல் ஓரத்து ரிசேயில்
மலை சரிந்து வீடு போனால்
நீதிமன்றம் என்னைப் போல ஒருத்தியை அனுப்பும்.
தலையில் மண்ணை வாரிப் போட்டது யார் என்று
சதவீதத்தில் சொல்ல வேண்டும்.
கூட்டினால் நூறு வர வேண்டும்.
மழைக்குப் பங்கில்லை,
அது எங்கும் கையெழுத்துப் போடுவதில்லை.

நகராட்சிக்கு நாற்பது:
பழைய ஓடைத்தடத்தில் இரண்டு மாடிக்கு அனுமதி.
ஒப்பந்தக்காரர் ஷெவ்கெத்துக்கு முப்பத்தைந்து:
தாங்குசுவரில் நீர் வடியும் துளைகளை
வரைபடத்தில் மட்டும் விட்டிருந்தார்.
மீதி இருபத்தைந்து
மண்ணுக்குள் போன யாக்கூப்புக்கு.
மகனுக்கென்று மூன்றாவது மாடி எழுப்பியவர்,
அனுமதியில்லாத மாடிகளை அரசு மன்னித்த வருஷம்
'உறுதிக்கு நானே பொறுப்பு' என்ற கட்டத்தில்
டிக் அடித்திருக்கிறார்.
அடிக்காமல் அடுத்த பக்கம் திறக்காது.
நானும் முயன்று பார்த்தேன்.

காட்டை வெட்டித் தேயிலை வைத்தார்களே
அவருடைய தாத்தாக்கள்,
அவர்களின் பசிக்கு எத்தனை?
படிவத்தில் அதற்கு வரிசை இல்லை.

மேல்வீட்டு ஹஃபிஸே தேநீரை வைத்துவிட்டு
உட்காராமல் நின்றாள்.
"என் பேருக்கும் ஏதாவது போடுங்கள்."

கூரைத் தண்ணீர் கீரைப் பாத்தியை அறுத்ததாம்.
ஆறு மீட்டர் நீலக் குழாய் வாங்கி
சரிவுப் பக்கம் திருப்பிவிட்டாளாம்.
கீழே புதர்தானே.
யாக்கூப்பின் மனைவி ஃபிக்ரியே இரண்டு முறை ஏறி வந்து
"அடுக்களைச் சுவருக்கு வேர்க்குது" என்றாளாம்.
"மார்கழிக் குளிரில்
எல்லார் வீட்டுச் சுவரும் வேர்க்கும்னு சொன்னேன்."

குழாய் கோப்பில் இல்லை.
புகைப்படங்களில் இல்லை.
மண் அள்ளும் இயந்திரம் எங்கோ கொட்டியிருக்கும்.
ஒரு மலைக்கு முன்னால் ஆறு மீட்டர்:
கணக்குப் போட்டேன், ஒன்றுகூட வரவில்லை.
சொன்னேன்.
ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.
"ஒன்றாவது போடுங்கள்" என்றாள்,
கடைக்காரனிடம் பேரம் பேசுகிறவள் போல.

அந்த ஒன்றை யாரிடமிருந்து எடுப்பது?
நகராட்சிக்கு வக்கீல் உண்டு,
ஷெவ்கெத்துக்கு இரண்டு.
யாக்கூப்பிடமிருந்து எடுக்கலாம்,
அவர் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.
இருபத்துநான்கு என்று எழுதினேன்.
அடித்தேன்.
தாள் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது.

இறங்கும் வழியில் மூன்றாவது வளைவில்
இன்னொரு கூரை, இன்னொரு குழாய்,
வாய் சரிவைப் பார்த்து.
வழக்கு எண் இல்லாத வீடு.
தூறல் பிடித்திருந்தது.
காரை நிறுத்திக் கதவைத் தட்டி,
இந்தக் குழாய் யாருடையது என்று கேட்டேன்.

"தெரியலீங்க," என்றார்கள்,
"நாங்க வாடகைக்கு இருக்கோம்."