சுட்டெழுத்து

பத்தொன்பது வருடம்
சாக்பீஸால் பேசியிருக்கிறேன்.
இது தேவை, இது அளிப்பு,
இங்கே வெட்டுகிறது பாருங்கள்,
அதனால் விலை இங்கிருந்து இங்கே வரும்.
அறுபது தலைகள் ஆடும்.
தேவனாம்பட்டினத்துக் கடற்காற்று
பலகைத் தூளை என் புடவையில் கொண்டுவந்து ஒட்டும்.

ஜூலையில் ஒரு செவ்வாய்,
ஜன்னலோர பெஞ்சிலிருந்து ஒரு குரல்:
"எது மேடம்? எதை? எங்க?"

வகுப்பு சிரித்தது.
நானும் பாதி சிரித்துவிட்டு
பிறகுதான் பார்த்தேன்
பெஞ்சில் சாய்த்து வைத்திருந்த வெள்ளைக் கோலை.

தனுசியா. சிங்காரத்தோப்பு.
பெயர்ப் பட்டியலில் அவளுக்கு நேராக
ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருந்தது.
நட்சத்திரத்துக்கு விளக்கம் அடுத்த பக்கத்தில்.
அடுத்த பக்கத்தை
ஜெராக்ஸ் எடுத்தவர் விட்டுவிட்டார்.
நானும் கேட்கவில்லை.

அ, இ, உ என்று
ஆறாம் வகுப்பில் ஒப்பித்த சுட்டெழுத்துகள்
இத்தனை நாளும் என் வாய்க்குள்
விரலாக நீண்டிருந்திருக்கின்றன.
அவளிடம் இருந்தவை
எ, யா, ஆ, ஓ, ஏ.

நல்லது செய்கிறேன் என்று
அடுத்து நான் செய்தது அதைவிட மோசம்.
உள்மதிப்பீட்டுத் தேர்வில்
அவளுக்கு மட்டும் வரைபடக் கேள்வியை எடுத்துவிட்டு
'வரையறை தருக' என்று போட்டுக் கொடுத்தேன்.
சாயங்காலம் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள்.
"படம் வேணாம்னு நான் சொன்னனா மேடம்?
கேட்டிருக்கலாம்ல."

கேட்டிருக்கலாம்.
ஒரே சொல்.
எந்தச் சுற்றறிக்கையிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

கேட்டேன்,
கெடிலம் பாலத்துப் பக்கம் நின்றுபோன பஸ்ஸுக்காக
இருவரும் காத்திருந்த முக்கால் மணி நேரத்தில்.
பலகையில் எழுதும்போதே வாய்விட்டுப் படிக்க வேண்டும்.
குறிப்பை முந்தின ராத்திரியே அனுப்ப வேண்டும்,
எழுத்தாக.
"போட்டோ அனுப்புனா என் போன்
'படம்'னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்கும் மேடம்."
மெதுவாகப் பேசட்டுமா என்றேன்.
"ஐயோ வேணாம்.
மெதுவாப் பேசுறவங்களத்தான் தாங்க முடியல."

வலை பின்னும் நைலான் நூல்
அவள் அப்பா கொடுத்தனுப்பியது.
அட்டையும் பெவிகாலும் என்னுடையவை.
ஞாயிறு ராத்திரி முழுக்க ஒட்டிய என் முதல் வரைபடத்தை
திங்கள் காலை விரல் ஓட்டிப் பார்த்தாள்,
திரும்ப ஒருமுறை ஓட்டினாள்.
"ரெண்டும் வெட்டல மேடம்.
பக்கத்துல வந்து நிக்குது."

சரிதான்.
ஒரு நூலிழை இடைவெளி.
பலகையில் எத்தனை கோடுகள்
எத்தனை வருடம்
இப்படிப் பக்கத்தில் வந்து நின்றனவோ,
அறுபது தலைகள் ஆடிக்கொண்டிருக்க.

நவம்பர். மழை.
மூன்று மணி நேரத் தேர்வு,
அவளுக்கு மேலும் ஒரு மணி நேரம்.
ரிஜிஸ்டரில் அந்தக் கட்டத்துக்கு மேலே
'சலுகை' என்று போட்டிருந்தது.
அடித்துவிட்டு 'நேரம்' என்று எழுதினேன்.
தலைமைக் கண்காணிப்பாளர் பார்த்தார்.
கையெழுத்துப் போட்டார்.

ஒரு மணிக்கு ஹால் காலி.
பூட்டோடு வந்து நின்ற கொளஞ்சி
என் முகத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்,
சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தார்.
கடகடவென்று ஓடிய மின்விசிறியை
யாரும் சொல்லாமலே நிறுத்தினார்.
அப்போதுதான் எல்லாம் காதில் விழுந்தது,
மழை, தூரத்தில் கடல்,
அவள் சொல்லச் சொல்ல
பதினொன்றாம் வகுப்புப் பையன் இர்ஃபான்
ஸ்கேல் வைத்துக் கோடு இழுக்கும் சத்தம்.

"இடது பக்கம் மேலேருந்து
வலது பக்கம் கீழ, சாய்வா.
இன்னொண்ணு கீழேருந்து ஏறி வரணும்.
நடுவுல அத வெட்டணும்.
தொட்டா போதாது.
வெட்டுச்சா?"

பையன் பென்சிலை ஊன்றினான்.
"இங்கயாக்கா?"

"எங்க?" என்றாள் தனுசியா.